திருக்குறளில் இரவலர்

திருக்குறளில் இரவலர் பற்றிய கருத்துக்கள், பொருட்பாலில் அடுத்தடுத்து அமைந்துள்ள இரவு (அதிகாரம் 106), இரவச்சம் (அதிகாரம் 107) ஆகிய அதிகாரங்களில் காணப்படுகின்றன. இங்கு இரவு என்பது இரத்தல், அதாவது பிறரிடம் கேட்டுப் பெறுதல் எனப் பொருள்படும். வறுமையைப் பற்றிய நல்குரவு (அதிகாரம் 105) இவற்றுக்கு முன் வைக்கப்பட்டுள்ளது.

இரவு

இவ்வதிகாரம் இரத்தலை ஏற்கிறது. உள்ளதை ஒளிக்காதவரிடம் இரப்பது ஈவதைப் போன்றதே (1054). இரப்போர் இல்லாவிடில் உலகின் இயக்கம் மரப்பாவையின் இயக்கத்தை ஒக்கும் (1058). கிடைக்காதபோது இரப்பவர் சினம் கொள்ளலாகாது (1060).

இரவச்சம்

இவ்வதிகாரம் இரத்தலை மறுக்கிறது. பசுவுக்குத் தண்ணீர் கேட்பதும் நாவுக்கு இழிவாகும் (1066). நீர்போன்ற கூழாயினும் உழைத்து உண்பதே இனிது (1065). இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனில், உலகைப் படைத்தவனும் அலைந்து கெடுக என்று வள்ளுவர் சினந்து கூறுகிறார் (1062).

முரண்பாடும் விளக்கமும்

இவ்விரு அதிகாரங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். முன்னது மானம் கெடாத இரத்தலையும், பின்னது மானம் கெடவரும் இரத்தலுக்கு அஞ்சுதலையும் குறிக்கின்றன என உரையாசிரியர் பரிமேலழகர் வேறுபடுத்துகிறார்.

எனினும் கரத்தலை, அதாவது உள்ளதை ஒளித்தலைக் கடிவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஒளித்தால் பழி ஒளித்தவருக்கே, இரந்தவருக்கு அன்று என முன்னதன் முதற்குறள் (1051) கூறுகிறது. இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் இரப்பவர் உயிர் போய்விடுகிறது. அதைச் சொல்லி ஒளிப்பவரின் உயிர் எங்கே ஒளிந்துகொள்ளுமோ என்ற வினாவுடன் பின்னது (1070) நிறைவடைகிறது.