வண்ணக் கட்டங்களின் வரலாறு



பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த ஒருவன் கணிப்பொறியைப் பற்றிப் பேச வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் ஆசிரியனது மேசைமேல் கிடக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவைப் பின்னர்க் கூறுவேன்.

பல இடங்களிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்று, வேண்டியதை எடுத்து வழங்கும் பெரிய கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். அது ஒவ்வொரு மணியிலும் எவ்வளவு உழைத்தது என்பதைக் குறித்து வைத்தால், ஓராண்டில் 8,760 எண்கள் சேரும். அத்தனை எண்களைப் படித்துப் பொருள் காண எவராலும் இயலாது. ஆகவே மக்கள் சராசரியை நாடுகின்றனர். சராசரியோ பல வேளைகளில் உண்மையை மறைத்துவிடும். ஒரு சர்வர் நாள் முழுவதும் தன் ஆற்றலில் நூற்றுக்கு 40 பங்கு உழைக்கிறது என்று கொள்வோம். மற்றொன்று எட்டு மணி நேரம் 90 பங்கும், எஞ்சிய பதினாறு மணி நேரம் 15 பங்கும் உழைக்கிறது. இரண்டிற்கும் சராசரி 40 தான். முன்னது அமைதியாக இருக்கிறது; பின்னதோ நாள்தோறும் எட்டு மணி நேரம் திணறுகிறது.

இந்த வேறுபாட்டைக் கண்முன் நிறுத்துவதே ‘ஹீட் மேப்’ எனப்படும் வெப்பப் படம். பெயரில் வெப்பம் இருப்பினும், அது எந்த அளவையும் காட்ட வல்லது. நாட்களை இடமிருந்து வலமாகவும், மணிகளை மேலிருந்து கீழாகவும் அமைத்துக் கட்டங்கள் வரைய வேண்டும். வேலை குறைந்த கட்டத்திற்கு வெளிறிய நிறம். மிகுந்த கட்டத்திற்கு அடர்ந்த சிவப்பு. அவ்வளவே. நீண்ட காலத்தைப் புடைவைபோல் நாளுக்கொரு மடிப்பாக மடிப்பதால், இன்றைய பத்து மணியும் நேற்றைய பத்து மணியும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவ்வெண்ணம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1817 ஆம் ஆண்டில் ஹும்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஒத்த வெப்பமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து நிலப்படத்தில் காட்டினார். 1843 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் லியோன் லலான் அம்முறையை நிலத்தினின்று பெயர்த்துக் காலத்தின்மேல் வைத்தார். ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரின் வெப்பநிலையை ஒருபுறம் மாதங்களும் மறுபுறம் மணிகளுமாக அமைத்து, ஒத்த வெப்பமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார். கோடையின் நண்பகல் ஒரு குன்றுபோல் அப்படத்தில் எழுந்து நின்றது.

கோடுகளுக்கு மாற்றாக வண்ணக் கட்டங்களைக் கையாண்டவர்களுள் துசேன் லூவா என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் குறிப்பிடத்தக்கவர். 1873 ஆம் ஆண்டில் பாரிஸ் மக்களைப் பற்றிய படநூலொன்றை அவர் வெளியிட்டார். அந்நகரின் 20 வட்டங்களைப் பற்றி 40 படங்கள் கூறிய செய்திகளை, வண்ணந்தீட்டிய ஒரே அட்டவணையில் சுருக்கித் தந்தார். எந்த வட்டம் எதனோடு ஒத்தது, எதனின் வேறுபட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிற்று.

இம்முறை சர்வர்களுக்குப் பயன்பட்ட வரலாற்றில் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் என்பவர், தட்டுகள் சுழன்றுகொண்டிருந்த சேமிப்புப் பெட்டியின் முன் நின்று உரக்கக் கத்தினார்! அக்குரலின் அதிர்வினால் சில வேண்டுகோள்கள் வழக்கத்தினும் மிகத் தாமதமாயின. காலத்தையும் தாமதத்தையும் இரு புறங்களிலும், எண்ணிக்கையை வண்ணத்திலும் காட்டிய படத்தில், அத்தாமதங்கள் கூட்டத்தினின்று விலகி மேலே தனித்து நின்றன. சராசரி ஒன்றையே நோக்கியிருந்தால், பல்லாயிரம் விரைவான வேலைகளுக்கிடையே அவை கரைந்து போயிருக்கும். இத்தகைய படங்களைப் பற்றி அவர் 2010 ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை எழுதினார்.

இனிப் பதிவேட்டிற்கு வருவோம். நான் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆண்டு வருகைச் சராசரி குறைகூற இயலாதபடி இருந்தது. ஆயினும், சில சிறுவர் அடிக்கடி வாராமைக்காகக் கண்டிக்கப்பட்டனர். ஒருநாள் வாராதவர் கட்டங்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் தீட்டிப் பார்த்தேன். புதன்கிழமை வரிசை மட்டும் செக்கச் சிவந்திருந்தது. ஊருக்குள் சென்று விசாரித்தபோது, அன்று வாரச் சந்தை என்பதும், பெற்றோருக்குத் துணையாகப் பிள்ளைகள் கூடை சுமந்து சென்றனர் என்பதும் தெரியவந்தன. அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் கடிந்த சொற்கள் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றன.

சர்வரைப் பேணுவோர்க்கும் இது பொருந்தும். எந்த நிறம் எந்த அளவைக் குறிக்கிறது என்பதைப் படத்தருகே எழுதாவிடில், வண்ணமும் நம்மை ஏமாற்றும். சிவந்த கட்டம் எப்போது துன்பம் நேர்ந்தது என்பதைத்தான் சொல்லும். ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்லாது. கிரெக் கத்திப் பார்த்தே அறிந்தார். நான் சந்தைக்குச் சென்று அறிந்தேன். படம் வினாவை எழுப்பும். விடையைத் தேடிச் செல்லவேண்டியது நம் கடமை.