பழைய ஈஸ்ட்டை நம்பி மூட்டை மாவை பிசையலாமா? பீர் ஆலைகளில் சோதிப்பது இப்படித்தான்

பூந்தமல்லி:-

விடிகாலையில் பன்னுக்கு பிசைந்த மாவு உப்பாமல் கல்லு மாதிரி கிடந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. மைதா, சர்க்கரை, டால்டா, ஆள் கூலி எல்லாமே நஷ்டம். பல நேரம் இதற்கு காரணம் பிரிட்ஜ் மூலையில் கிடந்த பழைய ஈஸ்ட்தான். அது செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று பார்க்காமல் போட்டதால் வந்த வினை.

பழைய ஈஸ்ட்டை எடை போடுவதில் கெட்டிக்காரர்கள் பீர் காய்ச்சுகிறவர்கள். இந்த பகுதிக்கு பீர் ஆலை புதுசு இல்லை. பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கம், அரண்வாயல் பக்கம் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் பீர் ஆலைகள் இயங்கி வந்திருக்கின்றன. பீர் ஆலைகள் கையாளும் முறையில் பேக்கரிக்காரர்களும், வீட்டில் ஆப்பம், பன் செய்கிறவர்களும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஈஸ்ட் ஒரு உயிர்

ஈஸ்ட் என்பது மருந்துப்பொடியோ சோடா உப்போ கிடையாது. கண்ணுக்கு தெரியாத, காளான் வகையை சேர்ந்த உயிர். சர்க்கரையை தின்று, கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியே விடும். பன்னில் அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. ஆல்கஹால் அடுப்பு சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடும். பீரில் இரண்டுமே தங்கும்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் 1883-ம் ஆண்டு எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு ஈஸ்ட் செல்லை பிரித்தெடுத்து, அதில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். வேறு கிருமி கலக்காத சுத்தமான ஈஸ்ட்டை ஆலைகள் வளர்த்து எடுப்பது அதற்கு பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது.

தண்ணீர் ஈஸ்ட் சீக்கிரம் சாகும்

கடையில் கிடைக்கும் உலர்ந்த ஈஸ்ட் தூங்கிக்கொண்டு இருப்பது மாதிரி. பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் ரொம்ப நாள் தாங்கும். பேக்கரிக்கு வரும் ஈரமான கட்டி ஈஸ்ட் பிரிட்ஜில் இரண்டு, மூன்று வாரம்தான் நன்றாக இருக்கும்.

வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் தண்ணீர் பதத்தில் உள்ள ஈஸ்ட்டையும் வாங்குகிறார்கள். புதுசாக இருக்கும்போது ஒரு பாக்கெட்டில் சுமார் 10 ஆயிரம் கோடி செல்கள் இருக்கும். பிரிட்ஜில் வைத்தாலும் மாதத்துக்கு 5-ல் ஒரு பங்கு செத்துப்போகும் என்பது அவர்கள் வைத்திருக்கும் தோராய கணக்கு. அந்த கணக்குப்படி ஆறு மாதம் ஆன பாக்கெட்டில் கால் பங்கு தேறினாலே பெரிசு.

உயிருள்ள செல் குறைந்தால் வேலை மெதுவாக ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் வேறு கிருமிகள் புகுந்து இடத்தை பிடித்துக்கொள்ளும். புளிப்பும் கெட்ட வாடையும் வருவது அதனால்தான்.

உயிர் இருக்கிறதா? நீல சாய சோதனை

பீர் ஆலைகளில் ஒருமுறை பயன்படுத்திய ஈஸ்ட்டை வீசிவிடுவது இல்லை. பீர் தொட்டியில் இருந்து சேகரித்து, குளிரில் வைத்து, அடுத்த சரக்குக்கு போடுகிறார்கள். இப்படி சில தடவை ஓட்டிய பிறகு மறுபடி புது ஈஸ்ட்டில் இருந்து தொடங்குவார்கள்.

போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்து, மெத்திலீன் புளூ என்ற நீல சாயத்தை கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செத்த செல் நீல நிறமாக தெரியும். உயிருள்ள செல் நிறமில்லாமல் இருக்கும். இரண்டையும் எண்ணி கணக்கு போட்டபிறகுதான் தொட்டியில் ஊற்றுவார்கள்.

வெளிநாட்டில் வீட்டில் காய்ச்சுகிறவர்களிடம் மைக்ராஸ்கோப் கிடையாது. அவர்கள் பழைய ஈஸ்ட்டை நேராக பெரிய பாத்திரத்தில் போடாமல், ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடியை கொதிக்க வைத்து ஆறவிட்டு, முதலில் அதில் விடுகிறார்கள். ஓரிரு நாளில் நுரை கட்டினால் ஈஸ்ட் பிழைத்துவிட்டது, பெருகியும் இருக்கிறது. நுரை வராவிட்டால் அந்த ஒரு லிட்டரோடு நஷ்டம் முடிந்தது.

220 வருஷம் தூங்கிய ஈஸ்ட்

பழைய ஈஸ்ட் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு ஆச்சரியமான சம்பவம் உண்டு. கல்கத்தாவில் இருந்து 1796-ம் ஆண்டு சிட்னிக்கு புறப்பட்ட 'சிட்னி கோவ்' என்ற சரக்கு கப்பல், 1797-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியாவை ஒட்டிய ஒரு தீவு பக்கத்தில் மூழ்கியது. கடலடியில் இருந்து மீட்ட பாட்டில்களில் கிடைத்த ஈஸ்ட்டை வளர்த்து, 2018-ம் ஆண்டு அங்கு பீர் காய்ச்சி விற்றார்கள். கோடிக்கணக்கில் செத்தாலும் நாலு பிழைத்திருந்தால் பெருக்கிவிடலாம். ஆனால் அது ஆய்வுக்கூட வேலை. நாளை காலை பன்னுக்கு உதவாது.

இங்கே பீர் காய்ச்சினால் கேஸ்

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சக்கூடாது. தனக்கு மட்டும்தான், விற்கவில்லை என்றாலும் 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்கு சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கள் இறக்கவும் 1987-ம் ஆண்டு முதல் தடை உள்ளது. ஆப்ப மாவுக்கு கள் விட்ட காலம் போய், பலர் ஈஸ்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஈஸ்ட்தான் சாராயத்தை விஷமாக்குகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கள்ளக்குறிச்சியில் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 60-க்கும் மேற்பட்டோர் பலியானது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் என்பது தொழிற்சாலை ரசாயனம். ருசியை வைத்தோ வாடையை வைத்தோ அதை கண்டுபிடிக்க முடியாது. அந்த சம்பவத்துக்கு பிறகு சட்டத்தை திருத்தி, தண்டனையை ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கினார்கள்.

வீட்டிலும் கடையிலும் செய்ய வேண்டியது

* அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உலர்ந்த ஈஸ்ட் போட்டு கலக்கி வைக்கவும். 10 நிமிஷத்தில் மேலே நுரை பொங்கினால் நல்ல ஈஸ்ட். லேசாக நாலு குமிழி மட்டும் வந்தால் 10 நிமிஷம் கூட பார்க்கலாம். அதற்கும் எழும்பாவிட்டால் குப்பையில் போடவும்.

* தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். 60 டிகிரியை தொட்டால் நல்ல ஈஸ்ட்டும் செத்துவிடும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு கடைக்காரரை திட்டி பிரயோஜனம் இல்லை.

* ஈஸ்ட் மேல் நேராக உப்பை கொட்டக்கூடாது. மாவில் உப்பை கலந்த பிறகு ஈஸ்ட் தண்ணீரை ஊற்றவும்.

* சந்தேகம் இருந்தால் மொத்த மாவையும் பிசைய வேண்டாம். கொஞ்சம் மாவு, தண்ணீர், ஈஸ்ட் மட்டும் சேர்த்து ஒரு மணி நேரம் மூடி வைக்கவும். அது உப்பினால் மீதி மாவை சேர்க்கலாம். போனால் ஒரு கைப்பிடி மாவு, மூட்டை தப்பித்தது.

* ரோஸ், பச்சை, கருப்பு நிறத்தில் புள்ளி தெரிந்தாலோ, அழுகிய வாடை அடித்தாலோ சோதனையே வேண்டாம். தூக்கி எறிய வேண்டியதுதான்.

* பிரித்த பாக்கெட்டை காற்று புகாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைக்கவும். பிரித்த தேதியை டப்பா மேல் எழுதி ஒட்டவும். மூன்று, நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நீண்ட நேரம் கரண்ட் போய் பிரிட்ஜ் சூடாகி இருந்தால், தேதி பாக்கி இருந்தாலும் ஒருமுறை சர்க்கரை தண்ணீரில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இட்லி மாவுக்கு இந்த கவலை இல்லை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை பொங்க வைத்துவிடும். தனியாக ஈஸ்ட் வாங்கி போட தேவையில்லை.