சுரங்கத் தொழிலாளரின் காசும் நூதனசாலையின் நிதியும்

நூதனசாலை என்றதும் மன்னரின் முடியும் வாளும் செப்பேடுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆண்டவர்களின் பொருள்களைப் பேணுதற்கு எக்காலத்திலும் பணம் கிடைத்துவந்துள்ளது. உழைத்தவர்களின் அடுப்பையும் ஆடையையும் கருவியையும் பேணுதற்குப் பணம் தருபவர் யார்? இவ்வினாவை எதிர்கொண்ட ஒரு பிரதேச நூதனசாலையின் வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் அமைந்துள்ள பீமிஷ் திறந்தவெளி நூதனசாலையே அது.

டர்ஹாம் நிலக்கரியால் வாழ்ந்த மண். 1913ஆம் ஆண்டளவில் அங்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கங்களில் உழைத்தனர். 1947இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எனினும், அடுத்த இரு தசாப்தங்களிலே அவை ஒவ்வொன்றாக மூடப்படலாயின. 1951ஆம் ஆண்டின் டர்ஹாம் அபிவிருத்தித் திட்டம் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களை ‘டி’ வகுப்பிற் சேர்த்தது. அவற்றிற் புதிய முதலீடு எதுவும் செய்வதில்லை, அவை தாமாகவே தேய்ந்து மறையட்டும் என்பதே அதன் பொருள். ஒரு வர்க்கத்தின் வாழ்விடங்கள் காகிதத்தில் ஓர் எழுத்தால் தீர்க்கப்பட்ட காலம் அது.

அக்காலத்திலேதான், 1958இல், பிராங்க் அற்கின்சன் என்பவர் அப்பகுதியின் போவ்ஸ் நூதனசாலைக்குப் பொறுப்பாளராக வந்தார். சுவீடனில் 1891இல் தொடங்கப்பெற்ற ஸ்கான்சன் போன்ற திறந்தவெளி நூதனசாலைகள் அவரைக் கவர்ந்திருந்தன. வட இங்கிலாந்தின் சாதாரண மக்கள் வாழ்ந்த முறை முற்றாக அழியுமுன் அதனைக் காக்கவேண்டும் என அவர் வற்புறுத்தினார். பணமோ கட்டடமோ அவர் கையில் இருக்கவில்லை. ஆகவே, மக்களை நோக்கிக் கைநீட்டினார். எதைக் கொடுத்தாலும் ஏற்போம் என்பதே அவருடைய கொள்கை. அரியது எது, எளியது எது என்று அவர் தரம்பிரிக்கவில்லை. சமையற் பாத்திரம், தையற் போர்வை, சுரங்க விளக்கு, கடைப்பலகை எனப் பொருள்கள் வந்து குவிந்தன. பழைய இராணுவ முகாம் ஒன்றின் கொட்டில்கள் அவற்றால் நிரம்பின.

நூதனசாலையின் முதல் மூலதனம் இதுவே என நாம் கருதுகிறோம். அறுபதுகளின் பிற்பகுதியில் நூதனசாலையின் நண்பர்கள் ஒரு சங்கமாகத் திரண்டனர். 1970இல் அப்பிரதேசத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் பல ஒன்றுகூடிப் பொறுப்பேற்றன; அற்கின்சன் பணிப்பாளரானார். 1972இல் இன்றைய நிலத்தில் நூதனசாலை மக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர், இடிக்கப்படவிருந்த புகையிரத நிலையமும், தொழிலாளர் குடியிருப்பும், அன்ஃபீல்ட் பிளெயின் கூட்டுறவுச் சங்கக்கடையும் பெயர்த்தெடுத்துக் கொணரப்பட்டு அங்கே மீண்டும் எழுந்தன. மக்கள் தம்மிடமிருந்த பொருளை முதலிற் கொடுத்தனர். மன்றங்களின் பணம் பின்னரே வந்தது.

அண்மைக்காலத்தில் இந்நூதனசாலை மேற்கொண்ட பெருந்திட்டம், 1950களின் நகரொன்றை மீண்டும் அமைப்பதாகும். இதற்கென 2016இல் தேசிய லொத்தரின் மரபுரிமை நிதியம் 1 கோடியே 9 இலட்சம் பவுண் வழங்கியது. 2022இல் நலன்புரி மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. 1957இல் லீசிங்தோர்ன் என்னுமிடத்திற் சுரங்கத் தொழிலாளருக்காக எழுந்த மண்டபத்தின் மறுபதிப்பு அது. முதிய சுரங்கத் தொழிலாளரின் சிறுவீடுகளும் சினிமாக் கொட்டகையும் திட்டத்தில் இடம்பெற்றன. 2025ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் ‘ஆண்டின் நூதனசாலை’ என்னும் விருதும், அதனுடன் 1,20,000 பவுண் பரிசும் பீமிஷுக்குக் கிடைத்தன.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று சிந்திக்கவேண்டும். அந்த மண்டபமும் வீடுகளும் முதன்முதல் எவருடைய பணத்தில் எழுந்தன? 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியின் ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு பென்னி நலன்புரி நிதிக்கு ஒதுக்கப்பட்டது. சுரங்க ஊர்களின் நலன்புரி மண்டபங்கள் பல அந்நிதியாற் பிறந்தவை. முதிய தொழிலாளருக்கு வீடமைக்கும் சங்கம், ஜோசப் ஹொப்பர் என்னும் சுரங்கத் தொழிலாளியின் முயற்சியால் 1898இல் தோன்றியது. வேலையை விட்டதும் சுரங்கக் கம்பனியின் வீட்டையும் இழந்து தெருவில் நின்ற முதியோருக்காகத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சந்தா செலுத்தினர். சங்கக்கடையும் அங்கத்தவரின் சிறு பங்குகளால் வளர்ந்ததே. இன்று லொத்தர் நிதியாக வருவதும் சீட்டு வாங்கும் சாதாரண மக்களின் சில்லறைக் காசே. ஆகவே, அம்மக்கள் ஒருமுறை வாழ்வதற்கும், மறுமுறை நினைக்கப்படுவதற்குமாக இருமுறை பணம் செலுத்தியுள்ளனர்.

இவ்வாறு திரட்டிய நிதி ஒரு கடமையையும் உடன்கொண்டு வருகிறது. ரொனி பெனற் என்னும் ஆய்வாளர் பீமிஷ் குறித்து எழுதிய கண்டனம் ஈண்டு நினைக்கத்தக்கது. மக்களின் வாழ்க்கையைக் காட்டும் அந்நூதனசாலை, தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் காட்டாது, இனிய கடந்தகாலம் ஒன்றையே தீட்டுகிறது என்பது அவர் வாதம். இக்கண்டனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வருமானத்தின் பெரும்பகுதியைப் பார்வையாளரின் நுழைவுக் கட்டணத்தாலும் செலவாலும் ஈட்டவேண்டிய நிறுவனம், பார்வையாளரை மகிழ்விக்கவே முதலில் விழையும். டிராம் வண்டிச் சவாரிக்கும் மிட்டாய்க் கடைக்கும் கூட்டம் சேரும். 1869இல் அமைந்த டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தையும், 1984–85ஆம் ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தத்தையும் கேட்க அத்தனை கூட்டம் சேருமா? டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கமான வெயார்மவுத் 1993இல் மூடப்பட்டது. அந்த வலியை விட்டுவிட்டு அடுப்பங்கரையின் வெதுவெதுப்பை மட்டும் காட்டுவது அரைவரலாறே.

எனினும், முதியோரின் சிறுவீடுகளை மீண்டும் கட்டியெழுப்பியமை நல்ல அறிகுறி. அவ்வீட்டின் வாசலில் நிற்கும் மாணவன், ‘இதனைக் கட்டியவர் யார்? ஏன் கட்டநேர்ந்தது?’ என்று கேட்பானாயின், சுரங்க முதலாளியின் வரலாறும் தொழிலாளரின் ஒற்றுமையும் ஒருங்கே அவன்முன் விரியும். அக்கேள்வியை அவனிடம் எழுப்புவது நூதனசாலையின் பொறுப்பு.

பிரதேச நூதனசாலை ஒன்றுக்கு நிதி திரட்ட முற்படுவோர், பெருந்தனவந்தரின் பெயரைச் சுவரிற் பொறிப்பதோடு அமைதல் கூடாது. ஒரு பாத்திரத்தை, ஒரு விளக்கை, ஒரு பென்னியைத் தந்தவரின் பெயரும் உழைப்பும் போராட்டமும் அங்கே எழுதப்படவேண்டும். கொடுத்தவரை மறந்த கருவூலத்தில் மக்களுக்கு என்ன உரிமை எஞ்சும்?