தலைவிதியா, சாலைவிதியா?

1896-ஆம் ஆண்டில் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், இலண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி மாண்டார். பிரிட்டனில் மோட்டாருக்குப் பலியான முதற் பாதசாரி அவரே. விசாரித்த ஜூரிகள், 'தற்செயலாய் நேர்ந்த மரணம்' என்று தீர்ப்புரைத்தனர். பின்னர் நம் முன்னோர் மரம் வெட்டிச் சேர்த்த பால், டயராகி உலகெங்கும் உருண்டது. தற்செயல் என்னும் அத்தீர்ப்பும் கூடவே உருண்டது. நம்மவர் அதற்குத் 'தலைவிதி' என்று பெயரிட்டனர்.

சரித்திரமோ வேறு கூறுகின்றது. 1930-லேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டமியற்றி, பஸ் சாரதி இடைவிடாது ஓட்டும் நேரத்துக்கு வரம்பு கட்டிற்று. பஸ் நடத்துவோர்க்கு லைசென்சையும் கட்டாயமாக்கிற்று. சாரதியின் களைப்பு ஆளைக் கொல்லும் என்பது அன்றே தெரிந்த சங்கதி.

இனி, நம் நாட்டு நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2007 ஆகஸ்டு 13-ல் புக்கிட் கந்தாங் அருகே விரைவு பஸ் விபத்துக்குள்ளாகி இருபதுக்குக் குறையாதோர் மாண்டனர். தீராத சம்மன்கள் இருந்தும் அச்சாரதி வண்டி ஓட்டிவந்தார் என்பது பின்னரே வெளிப்பட்டது. 2010 அக்டோபர் 10-ல் நம் மலாக்காவின் சிம்பாங் அம்பாட் அருகே ஒரு பஸ் நடுத்தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து, பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. புக்கிட் காத்தில்வாசிகள் ஆயர் குரோ வழியாகத் தலைநகர் செல்லும் நெடுஞ்சாலை அது. 2013 ஆகஸ்டு 21-ல் கெந்திங் மலைச்சாலையிலிருந்து பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் 44 பேர் இருக்கவேண்டிய இடத்தில் 53 பேர் இருந்தனர். மாண்டவர் 37 பேர். பிரேக் பழுதாயிருந்ததை விசாரணைக் குழு கண்டது. 2025 ஜூன் 9-ல் கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மடிந்தனர். மிதமிஞ்சிய வேகம், பிரேக் கோளாறு ஆகியவற்றோடு, ஒருவர் பெயரிலுள்ள பெர்மிட்டை வேறொருவர் வாடகைக்கு வாங்கி வண்டி நடத்திய முறைகேடும் அவ்விசாரணையில் அம்பலமாயிற்று.

இவற்றுள் பிரமன் எழுதியது எது? பிரேக்கைச் சோதியாது விட்டவன் சனீசுவரனா? பெர்மிட்டை வாடகைக்கு விட்டது கிரகமா? புது வண்டிக்குப் பூசை போட்டு, டயரடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் நாம், அந்த டயர் தேய்ந்திருக்கின்றதா என்று குனிந்து பார்த்ததுண்டா? விதியின்மேல் பழிபோடுவது, குற்றவாளியைத் தப்பவிடுவதற்கே துணைபுரியும். சட்டங்கள் இல்லாமல் நாம் சாகவில்லை. இருக்கின்ற சட்டத்தை நடத்தாமையால் சாகின்றோம்.

2025 ஜூலை முதல், இருக்கைவார் பொருத்திய விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் பயணிகள் அதை அணிவது கட்டாயம். அதையேனும் அணிவோம். தைப்பூசத்துக்கும் கலியாணத்துக்கும் தோட்டத்தார் சேர்ந்து பஸ் பேசும்போது, வாடகை எவ்வளவு என்பதோடு நில்லாமல், பெர்மிட் யார் பெயரில் உள்ளது, சாரதி நேற்றிரவு உறங்கினாரா, எத்தனை பேர் ஏறலாம் என்றும் கேட்போம். சரியான பதில் வாராவிடில், பத்து வெள்ளி கூடப்போனாலும் வேறு வண்டி பார்ப்போம். மாலை போட்டு அழுவதினும் இது மேலான காரியம் அன்றோ?