சம்பளச் சிட்டையில் ஒரு வரி

வெள்ளவத்தையில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில் வருமான வரி நெடுங்காலமாகப் பேசுபொருளாக இருந்ததில்லை. கையில் வந்து சேரும் தொகையே சம்பளம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். 2023 ஜனவரிச் சம்பளம் அந்தப் பழக்கத்தைக் கலைத்தது. சிட்டையின் கழிவுப் பகுதியில் பெருந்தொகையுடன் நின்ற ஒரு பதிவு, காலி வீதியின் பேருந்துத் தரிப்பிடங்களிலும் விவாதமாயிற்று. அந்தப் பதிவுக்குப் பின்னால் தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் அறிமுகமானது. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்து திறைசேரி தளர்ந்திருந்த காலம் அது. அன்று அது வசதி படைத்த சிலரின் வரி.

ஆண்டு முடிந்தபின் கணக்குக் காட்டிச் செலுத்தும் முறை சம்பளக்காரருக்குப் பொருந்துவதில்லை. வரி கேட்கும் கடிதம் வரும்போது பணம் செலவாகிவிட்டிருக்கும். இரண்டாம் உலக யுத்தச் செலவு இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்கா 1943 இலும் பிரித்தானியா 1944 இலும், சம்பளம் கைக்கு வருமுன்னரே தொழில்தருநர் வரியைக் கழித்து அரசுக்கு அனுப்பும் முறையை விரிவாக நடைமுறைப்படுத்தின. பிற்காலத்தில் இலங்கையும் பிரித்தானியப் பெயரையே தழுவி 'உழைக்கும்போது செலுத்தும் வரி' என அதனை ஏற்றுக்கொண்டது.

இம்முறையில் ஓர் அநீதி நெடுங்காலம் நிலவிற்று. 1970களின் இறுதியிலிருந்து 2011 மார்ச் வரை அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் திணைக்களத்திலும் தம்பி தனியார் நிறுவனத்திலும் பணிபுரிந்தால், வரி விலக்கு அண்ணனுக்கு மட்டுமே. வரவு செலவுத் திட்டச் செய்திகளை ஆண்டுதோறும் எழுதிய காலத்தில், சட்டத்தை இயற்றுவோரும் நடைமுறைப்படுத்துவோரும் அதன் சுமையை உணராதிருப்பது எவ்வளவு வசதியானது என்று நான் எண்ணியதுண்டு.

அடுத்த திருப்பம் 2020 ஜனவரி 1 இல் நேர்ந்தது. ஆட்சி மாற்றத்தையொட்டிய வரிச்சலுகைகளோடு இக்கழிவு முறையே நீக்கப்பட்டது. ஏப்ரலில் அதற்குப் பதிலாக வந்த 'முற்பணத் தனிநபர் வருமான வரி'யோ ஊழியர் சம்மதித்தால் மட்டும் கழிக்கப்படுவது. அரசிறை சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 ஜனவரி முதல் கழிவு மீண்டும் கட்டாயமானது. அவ்வாண்டு மார்ச்சில் மருத்துவர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் வீதியில் இறங்கினர்.

மாதம் 2 இலட்சம் ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரலின் விகிதங்களின்படி அவரது மாதக் கழிவு 6,000 ரூபாய். 2020 இல் எதுவுமில்லை. 2023 இல் 10,500. விலக்கெல்லை ஆண்டுக்கு 18 இலட்சமாக உயர்ந்த 2025 ஏப்ரலிலிருந்து 3,000. ஏழாண்டுக்குள் நான்கு வெவ்வேறு கணக்குகள். எந்தக் குடும்பம் இதை நம்பி வீட்டுக்கடன் எடுக்கும்?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது சிறிய சிக்கலாகத் தோன்றலாம். நியூயோர்க் நகரில் வாழ்பவரின் சம்பளத்தில் மத்திய அரசு, மாநிலம், நகரம் என மூன்று வருமான வரிகள் கழிகின்றன. சுவிற்சர்லாந்தில் நிரந்தர வதிவிட அனுமதி பெறாத நம்மவரின் சம்பளத்திலிருந்து கழியும் மூலவரியில் கன்ரோன், ஊராட்சிப் பங்குகளும் அடங்கும். தமிழ்நாட்டில் உள்ளூராட்சிக்குரிய தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படக்கூடாது. இலங்கையிலோ மாகாண சபைகளுக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரமில்லை. கொழும்பு மாநகர சபை ஆதனங்களுக்குச் சோலைவரி கேட்கிறது. வெள்ளவத்தைச் சம்பளக்காரரின் வருமான வரி முழுவதும் திறைசேரிக்கே போகிறது. அங்கிருந்து எவ்வளவு தம் ஊருக்குத் திரும்புகிறதென்று சிட்டையைப் பார்த்து எவரும் அறிய முடியாது.

ஆயினும் சிட்டையை வாசிப்பதில் பயன் உண்டு. ஒருவர் ஒக்டோபரில் வேலைக்குச் சேர்ந்து மார்ச் வரை மாதம் 2 இலட்சம் பெறுகிறார் என்போம். மாத அட்டவணைப்படி அவரிடம் 18,000 ரூபாய் கழிக்கப்படும். ஆனால் வேறு வருமானம் இல்லையெனில் அவரது ஆண்டு வருமானம் 12 இலட்சமே, விலக்கெல்லைக்குள் அடங்குவது. அந்த 18,000 ரூபாயும் அவருடையது. அதைத் திரும்பப் பெறுவதற்கு வரிசெலுத்துநர் இலக்கம் வேண்டும், தொழில்தருநர் வழங்கும் ரீ-10 சான்றிதழ் வேண்டும், விபரத்திரட்டைத் தாமே சமர்ப்பிக்கவும் வேண்டும். கேட்காதவருக்கு அப்பணம் தேடி வருவதில்லை.

வரியைக் கழிக்கும் பொறுப்பு தொழில்தருநருடையது. சரியாகக் கழிக்கப்பட்டதா, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைச் சென்றடைந்ததா என்று பார்க்கும் அக்கறை நம்முடையது. மாத முடிவில் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியோடு நின்றுவிடாமல், சம்பளச் சிட்டையையும் ஒருமுறை விரித்து வாசியுங்கள்.