சைனீஸ் கடையில ‘வெஜ்’ எண்டால் என்ன?

கொழும்பில் ஒரு சைனீஸ் ரெஸ்ரோரண்டுக்குள் போய் ‘வெஜ் ப்ரைட் ரைஸ்’ சொல்லுகிற எங்கட ஆக்கள் அடுத்துக் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் பாடம். முட்டை போடுவீங்களோ? ஒய்ஸ்ரர் சோஸ் விடுவீங்களோ? இறைச்சி வதக்கின தாச்சியிலயோ வதக்குவீங்கள்? நியாயமான கேள்விகள்தான். ஒய்ஸ்ரர் சோஸ் சிப்பியைக் காய்ச்சி எடுப்பது. 1888இல் குவாங்டொங் மாகாணத்தில் தொடங்கின வியாபாரம். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நினைப்பும் ஒளிஞ்சிருக்கு: சீனர் பாம்பு பல்லி எல்லாம் தின்னுற ஆக்கள், அவைக்குச் சைவம் எங்க தெரியப்போகுது?

சீனத்தில் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பெயர் ‘சு’. சாயம் தோய்க்காத வெள்ளைப் பட்டு என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். அதிலிருந்து எளிமை, வெறுமை என்று விரிந்து சாப்பாட்டுக்கும் வந்தது. எங்கட சொல் வேறு மாதிரி. சமயத்தின் பெயரையே சாப்பாட்டுக்கும் வைத்துவிட்டோம். மற்றப் பக்கத்தில் நிற்பது ‘மச்சம்’.

‘சு’ சீனத்தில் வேரூன்றிய கதையில் இலங்கையும் வருகிறது. புத்தர் காலத்துப் பிக்குகள் பிச்சை எடுத்துச் சாப்பிட்டவர்கள். தங்களுக்கென்று கொல்லப்பட்டதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவும் இடமில்லை என்றால் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியைச் சாப்பிடலாம். இங்கே இன்றைக்கும் அதுதான் நடைமுறை. சீன விகாரைகளுக்கோ சொந்தக் காணியும் சொந்தக் குசினியும் இருந்தன. என்ன சமைப்பது என்பது அவர்கள் கையில். அங்கே இறைச்சிக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்ட நூல்களில் ஒன்று லங்காவதார சூத்திரம். அதன் களம் இலங்கை மலை உச்சி. பிந்திய பிரதிகளில் இராவணனும் வருகிறான். 443இல் அதைச் சீனத்தில் பெயர்த்த குணபத்திரர் இலங்கை வழியாகக் கப்பலேறிப் போனவர். இறைச்சி வேண்டாம் என்ற போதனைக்குக் களமான இலங்கையில் பிக்குகள் இறைச்சியை விடவில்லை, சீனத்தார் விட்டார்கள்!

விடவைத்ததில் பெரிய பங்கு லியாங் வம்சத்துப் பேரரசர் வூவுக்கு (ஆட்சி 502–549). மதுவும் மாமிசமும் பிக்குகளுக்கு ஆகாது என்று ஆணையிட்டதோடு நிற்கவில்லை. 517இல் அரச மூதாதையர் கோயிலில் பலியிடும் மிருகங்களுக்குப் பதிலாக மாவில் செய்த மிருகங்களை வைக்கச் சொன்னார். இறைச்சி போல இருக்கும் ஆனால் இறைச்சி இல்லாத பண்டம் அவ்வளவு பழசு. சோங் காலத்தில் லின் ஹொங் எழுதிய சமையல் நூலில் ‘பொய்ப் பொரித்த இறைச்சி’ வருகிறது: சுரைக்காயும் கோதுமைப் பசையும் மெல்லிசாகச் சீவிப் பொரித்தது. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினால் மிஞ்சுகிற இழுவைதான் அந்தப் பசை. 1922இல் ஷாங்காயில் தொடங்கிய கொங்தெலின் உணவகம் இந்தக் கலையிலேயே பேர் எடுத்தது. தாரா, நண்டு என்று பெயர், உள்ளே சோயாவும் காளானும். வெள்ளிக்கிழமையில் சோயாமீற் கறி வைக்கிற வீடுகள் இதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை.

இந்த ‘சு’வில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. உள்ளி, வெங்காயம், லீக்ஸ் மாதிரியான காரமணப் பூண்டுகள் ஆகாது. பெருங்காயமும் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கு. எங்கட சைவக்கடைச் சாம்பாரை ஒரு சீனப் பிக்கு திருப்பி அனுப்பிவிடுவார்.

எல்லாவற்றிலும் எங்களை நிறுத்தினது வேறொன்று. சீனத்தில் மரக்கறி சாப்பிட்டவர் மேல்சாதி ஆகவில்லை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டும் சாப்பிடுவோர் உண்டு, நேர்த்தி வைத்துச் சாப்பிடுவோர் உண்டு, நாளைக்கே விட்டும் விடலாம். சில காலங்களில் அது ஆபத்தாகவும் இருந்தது. 1120இல் ஃபாங் லா கிளர்ச்சி வெடித்தபோது, மரக்கறி தின்று பேயை வணங்குவோர் என்று அதிகாரிகள் முத்திரை குத்தித் தேடிய கூட்டங்கள் இருந்தன. இறைச்சியை மறுக்கிறவன் அரசுக்கு அடங்காதவனாக இருக்கலாம் என்ற பயம்.

இங்கே கதை நேர்மாறு. அதைப் பதிவு செய்தவரும் ஒரு சீனரே. 399இல் சாங்கானிலிருந்து புறப்பட்டு, பிறகு இலங்கையில் இரண்டு வருடம் தங்கிய பாஹியன், வட இந்தியாவின் மத்திய தேசத்தைப் பற்றி எழுதும்போது அங்கே யாரும் உயிர் கொல்வதில்லை, கள் குடிப்பதில்லை, வெங்காயம் உள்ளி தொடுவதில்லை என்கிறார். கூடவே ஒரு விதிவிலக்கு: சண்டாளர். அவர்கள் புறம்பாக வாழ்கிறார்கள், நகருக்குள் வரும்போது கட்டையைத் தட்டிச் சத்தம் எழுப்புகிறார்கள், மற்றவர்கள் விலகிப்போகிறார்கள். பாடப்புத்தகங்கள் முதல் வசனத்தை விரும்பும், இரண்டாவதைத் தாண்டிப்போகும். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது இல்லை. ஊர் முழுக்கச் ‘சுத்தமாக’ இருக்க, செத்ததையும் கொன்றதையும் கையாளும் ஒரு கூட்டம் ஊருக்கு வெளியே தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் அது 1960கள் வரைக்கும் கடைவாசலிலேயே நின்றது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தேத்தண்ணி வெளியில, வேறாகப் போத்தலில். 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது, 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. கோயில் வாசல்களோடு தேநீர்க்கடை வாசல்களும் போராட்டக் களமாயின. பின்னால் நின்று நடத்தியது, ஊரார் ‘பீக்கிங் சார்பு’ என்று அழைத்த கம்யூனிஸ்ட் கட்சி. இந்தக் கடைகளுக்குள்ள சைவக்கடைகளும் இருந்தன. தோசை, வடை, பிளேன்ரீ. மச்சம் ஒரு துண்டுகூட இல்லாத கடைக்குள்ள தீட்டு எண்டு ஒதுக்கினது சாப்பாட்டை இல்லை, சாப்பிட வந்த ஆளை.