பதினைந்து மாதப் பின்தங்கல்: அம்பத்தூர்ப் பட்டறைகளில் அகவிலைப்படியும் நலத்தொகையும்

சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து ஏறக்குறைய ஒப்புக்கொண்ட உண்மையாகவே நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் விலைவாசியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் அந்த ஊதியம் பெறுபவரின் வாங்கும் சக்தி பெரிதாகக் குறைவதில்லை. மகளிர் உரிமைத்தொகை, கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி எல்லாம் அதன்மேல் சேரும் உபரி. இவ்வளவுக்குப் பிறகும் கடன் ஏறினால் காரணத்தைச் செலவுப் பழக்கத்தில்தான் தேட வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பழுதானது என்று கருதுகிறேன். குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளில் வரும் ஒரே ஒரு விதியைத் தவறாக வாசித்ததில்தான் அந்தப் பழுது தொடங்குகிறது.

விதி சிறியது. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஓர் அடிப்படை ஆண்டின் சராசரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் அகவிலைப்படி தர வேண்டும். படியை ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று, அதற்கு முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பன்னிரண்டு மாதக் குறியீடுகளின் சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும். முந்தைய ஆய்வாளர்கள் இதைப் படித்துவிட்டு, டிசம்பரில் முடிந்த கணக்கு ஏப்ரலில் கைக்கு வருவதால் தாமதம் மூன்று மாதம்தான் என்று எழுதினார்கள். டிசம்பர் குறியீட்டை மட்டும் எடுத்து, ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கு மட்டும் பொருத்தினால் அது சரி. விதி சொல்வது அதுவல்லவே. எடுத்துக்கொள்வது ஓராண்டுச் சராசரி. அந்தச் சராசரி பிரதிபலிக்கும் விலைமட்டம் ஆண்டின் நடுப்புள்ளியான ஜூலைத் தொடக்கத்துக்கு உரியது. கொடுக்கப்படுவதும் ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை ஓராண்டுக்கு. அதன் நடுப்புள்ளி அக்டோபர்த் தொடக்கம். 2024 ஜூலையின் விலைக்கு ஈடான படியைக் கொண்டுதான் தொழிலாளி 2025 அக்டோபரில் மளிகை வாங்குகிறார். தாமதம் சராசரியாகப் பதினைந்து மாதம். மார்ச் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் அது இருபது மாதத்தையும் தாண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. மாத ஊதியம் ரூ. 14,000 என்றும் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பதினைந்து மாதத்தில் விலைகள் ஏறக்குறைய 6.3 சதவீதம் உயர்ந்திருக்கும். பழைய வாங்கும் சக்தியைக் காக்க மாதம் சுமார் ரூ. 880 கூடுதலாக வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ரூ. 1,000. இரண்டு தொகைகளும் அருகருகே வருவது தற்செயல்தான்; இதில் சூழ்ச்சி எதையும் நான் தேடவில்லை. ஆனால் உரிமைத்தொகையை ‘உபரி’ என்று எழுதியவர்கள் இந்தப் பள்ளத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அதன் பெரும்பகுதி பள்ளத்தை நிரப்பவே போகிறது.

விலையோடு இணைத்த எந்த ஊதியத்திலும் தாமதம் இருக்கத்தான் செய்யும் என்பார்கள். இருக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தப்படுகிறது. அதே முறையில் கணக்கிட்டால் பின்தங்கல் ஒன்பது மாதம். மத்திய அரசின் வரம்புக்குள் வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும், முந்தைய அரையாண்டுச் சராசரியைக் கொண்டு மாறுகிறது; அதுவும் ஒன்பது மாதம்தான். ஆவடிக்கும் அம்பத்தூர்ப் பட்டறைகளை ஒட்டிய பட்டரவாக்கத்துக்கும் இடையே மின்ரயிலில் சில நிறுத்தங்களே உள்ளன. ஒரே ரயிலில் வேலைக்குப் போகும் இருவரில் ஒருவருக்கு மட்டும் விலைவாசி ஆறு மாதம் பிந்தி எட்டுவதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒரு மாதத்தின் குறியீட்டைத் தொழிலாளர் பணியகம் அடுத்த மாத இறுதியிலேயே வெளியிட்டுவிடுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அடிப்படை ஊதியமே திருத்தப்படுகிறதே என்ற மறுப்பு இதைத் தொடவில்லை: திருத்தத்துக்குப் பிறகும் கடிகாரம் அதே பதினைந்து மாதம் பின்னால்தான் ஓடும்.

இதே விதிக்கு இன்னும் இரண்டு முகங்கள் உண்டு. புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்பது ஒரு தொழிலில் எல்லாத் தரத்தாருக்கும் ஒரே தொகை. ஹெல்பருக்கும் டர்னருக்கும் ஒரே படி என்றால், மொத்த ஊதியத்தில் படியின் பங்கு பெருகப் பெருக அவர்களிடையே உள்ள சதவீத வேறுபாடு சுருங்கும். லேத்தில் இருபது ஆண்டு நின்றவர் நேற்று சேர்ந்தவரோடு ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து நிற்பதை அம்பத்தூரின் சிறு பட்டறைகளில் பே ஸ்லிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அடுத்தது, இந்தப் படி ஒரு தரைமட்டம் மட்டுமே. ஏர்ஃப்ரெய்ட் நிறுவனத்துக்கும் கர்நாடக அரசுக்கும் இடையிலான வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், அடிப்படை ஊதியமும் படியும் சேர்ந்த மொத்தமே குறைந்தபட்ச ஊதியம் என்றும், அதற்கு மேல் கொடுக்கும் முதலாளி படியைத் தனியாகத் தர வேண்டியதில்லை என்றும் கூறியது. ஆகவே குறைந்தபட்சத்துக்கு ஓரிரு ஆயிரம் மேலே சம்பளம் வாங்குபவருக்கு ஏப்ரல் 1 வெறும் நாட்காட்டித் தேதி. தரைமட்டம் உயர்ந்து அவர் காலைத் தொடும்வரை அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

வீட்டு வாடகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1957இன் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வாடகைக்கு வைத்த அளவுகோல், அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் வாங்கப்படும் குறைந்தபட்ச வாடகை. ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கான 2020இன் மத்திய வரைவு விதிகள் அதை உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவில் பத்து சதவீதம் என்று வைத்தன. அத்திப்பட்டிலோ திருவேற்காட்டிலோ லைன் வீட்டில் ஓர் அறை எடுத்தவர் யாரும் இந்த எண்ணை நம்பமாட்டார்கள். விலைக் குறியீட்டுக்கான வாடகைக் கணக்கெடுப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். குடியேறும் நாளில் மொத்தமாக எண்ணிக் கொடுக்கும் அட்வான்ஸ் அதில் செலவாகச் சேர்வதில்லை. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஆனால் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரு விலை வாங்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவரை அந்தச் சலுகை எட்டுவதில்லை.

நலத்திட்டங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. 2011 ஜூன் முதல் வரும் விலையில்லா அரிசியும், 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயணமும் பொருளாகவும் சேவையாகவும் வருபவை. சந்தை விலை ஏறினால் அவற்றின் மதிப்பும் தானாக ஏறும். ரொக்கம் அப்படியல்ல, அதை உயர்த்துவது அரசியல் முடிவு. வருமான வரம்புகளோ ரொக்கத்தைவிட மோசம். உரிமைத்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள், மாதத்துக்கு ரூ. 20,833. மேலே சொன்ன ரூ. 14,000 ஊதியத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு ரூ. 3.36 லட்சம். ஏட்டின்படி அவர்கள் தகுதியற்றவர்கள். (நடைமுறையில் எத்தனை பேர் அப்படித் தள்ளப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.) இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் ரூ. 21,000 ஆனது, பின்னர் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. ஓ.டி. சேராமலே சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிய ஃபிட்டர், பங்களிப்புக் காலமும் அதற்குரிய பயன்காலமும் முடிந்ததும் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் உரிமையை இழக்கிறார். விலைவாசிக்கு ஈடாக மட்டும் ஏறிய ஊதியம் அவரைப் பணக்காரராக்கவில்லை. காப்பீட்டிலிருந்து வெளியேற்ற அதுவே போதுமாயிற்று.

இலவசங்கள் ஊதியத்தைக் கீழே இழுக்கின்றன என்று வாதிடும் எதிர்த்தரப்பும் உண்டு. அதற்கான சான்றை இந்தப் புறநகரில் நான் காணவில்லை. மாநிலக் குடும்ப அட்டை இல்லாததால் உரிமைத்தொகைக்கு விண்ணப்பிக்கவே வழியற்ற ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களும் இதே பட்டறைகளில் இதே அடிமட்ட ஊதியத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கான மத்திய வரைவு விதிகள் அகவிலைப்படியை ஏப்ரல், அக்டோபர் என இருமுறை கணக்கிடச் சொல்கின்றன. பட்டறைகளைப் பொறுத்தவரை உரிய அரசு மாநில அரசே. அரையாண்டுச் சராசரி, ஆண்டுக்கு இரு திருத்தம் என்று தன் அறிவிக்கைகளை மாற்றிக்கொள்ள அது நாடாளுமன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே கண்ட கணக்கில் அந்த ஒரு மாற்றமே தொழிலாளிக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 360 திருப்பித் தரும். அதைத் தொழிலாளர் துறை உடனே செய்ய வேண்டும்.